மாசமான உடம்பில் கார்டிசோல்: ஏறும் காலமும் இறங்கும் காலமும்

"டென்ஷன் ஆகாதேம்மா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது." மாசமாக இருக்கும் பெண்ணிடம் மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொல்வது இது. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவளுக்கு அதுவே புதுக் கவலையாகிவிடுகிறது: கவலைப்பட்டுவிட்டோமே என்ற கவலை. போனில் தேடினால் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’, ‘கார்டிசோல்’ என்ற சொற்கள் வந்து விழும். ஏதோ ஒரு லேபின் முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் கார்டிசோலும் சேர்ந்திருந்தால், ரிசல்ட்டில் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில், ‘ஹை’ என்ற குறியோடு வந்து நிற்கும். அன்றைக்கு இரவு தூக்கம் போச்சு.

கர்ப்பத்தில் அந்த எண் ஏறித்தான் இருக்கும்; அது உடம்பு திட்டமிட்டுச் செய்யும் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நாட்கள் பிரசவத்துக்குப் பிறகு வருகின்றன. வீடு மொத்தமும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடும் அந்த நாட்களில்தான் அம்மாவின் உடம்பில் இந்த ஹார்மோன் ஏற்பாடு தலைகீழாகிறது. ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

மிதவையும் மோட்டாரும்

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அட்ரினல் என்று பெயர். அதன் வெளிப்பகுதி கார்டிசோலைச் சுரக்கிறது, உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரோட்டைக் கடக்கும்போது பஸ் உரசிக்கொண்டு போனால் நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரினலின்; நொடிகளில் வந்து நிமிடங்களில் போய்விடும். கார்டிசோல் நிதானமாக வருவது. அதிர்ச்சி நடந்து 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்கு எடுத்துக் கொடுப்பது, ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவது, நோய் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் இழுத்துப் பிடிப்பது, காலையில் உடம்பை எழுப்பிவிடுவது எல்லாம் அதன் அன்றாட வேலைகள். ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ என்ற பட்டப்பெயர் அதற்குச் செய்த அநியாயம். அது அறவே இல்லாமல் போனால் ஆள் பிழைக்க மாட்டார்.

இதை நடத்துவது மூளை. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸ் என்ற பகுதி சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. அது கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற இன்னொன்றை ரத்தத்தில் அனுப்புகிறது. அது அட்ரினலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்டிசோல் சுரக்கிறது. போதுமான அளவு சுரந்ததும் கார்டிசோலே மூளைக்குப் போய் ‘போதும், நிறுத்து’ என்கிறது. அபார்ட்மென்ட் மொட்டை மாடித் தொட்டியில் மிதவை போட்டிருப்பார்கள் இல்லையா, தண்ணீர் நிறைந்ததும் மிதவை எழும்பி மோட்டார் தானாக நிற்கும். அதே ஏற்பாடுதான்.

நாள் முழுக்க அளவு ஒரே மாதிரி இருக்காது. எழுந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சம். பிறகு படிப்படியாக இறங்கி நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவு. கர்ப்பம் இல்லாத ஒருவருக்குக் காலை 8 மணி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கும் (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்). அதனால் எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதாத கார்டிசோல் ரிப்போர்ட்டை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கர்ப்பத்தில் இரண்டாவது மோட்டார்

கரு தங்கியதும் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, ஈஸ்ட்ரோஜென் ஏறுவதால் கல்லீரல் ஒரு புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. கார்டிசோலைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொள்வதுதான் அந்தப் புரதத்தின் தொழில். ரத்தத்தில் ஓடும் கார்டிசோலில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் கட்டுண்டு கிடப்பதுதான். கட்டில்லாமல் திரியும் சிறு பங்குதான் உடம்பின் செல்களுக்குள் போய் வேலை செய்கிறது. சாதாரண லேப் டெஸ்ட் இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மொத்தக் கணக்கு இரண்டு, மூன்று மடங்காகத் தெரியும். கட்டில்லாத பங்கும் கூடுகிறது என்றாலும், ரிப்போர்ட் காட்டும் அளவுக்கு இல்லை. கர்ப்பிணியின் ரிசல்ட்டை மற்றவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு ‘ஹை’ என்று கம்ப்யூட்டர் அச்சடித்தால் அதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இதே புரதத்தால் இதே குழப்பம் வரும்.

இரண்டாவது மாற்றம்தான் விசித்திரமானது. நஞ்சுக்கொடி தானே சி.ஆர்.எச். உற்பத்தி செய்ய ஆரம்பிக்கிறது. எட்டு, பத்து வாரத்தில் தொடங்கி, கடைசி மூன்று மாதத்தில் கிடுகிடுவென ஏறுகிறது. மூளையில் கார்டிசோல் ‘நிறுத்து’ என்று சொல்லும். நஞ்சுக்கொடியில் அதே கார்டிசோல் ‘இன்னும் ஓட்டு’ என்கிறது. தொட்டி நிறைய நிறைய வேகமெடுக்கும் மோட்டார் ஒன்றை மாடியில் இரண்டாவதாக மாட்டியது போல. 1995-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேச்சர் மெடிசின் இதழில் இதை நஞ்சுக்கொடியின் கடிகாரம் என்று விவரித்தார்கள்: இந்த சி.ஆர்.எச். ஏறும் வேகத்துக்கும் பிரசவம் எப்போது வரும் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. கடைசி வாரங்களில் சி.ஆர்.எச்.சைக் கட்டிப்போடும் புரதமும் குறைந்துவிடுவதால், கருப்பை வலிக்குத் தயாராகிறது.

இவ்வளவு ஏறும் கார்டிசோல் குழந்தைக்கு என்ன செய்யும்? அதற்கும் ஏற்பாடு உண்டு. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவலுக்கு நிற்கிறது. அம்மாவின் ரத்தத்திலிருந்து வரும் கார்டிசோலில் பெரும்பகுதியைக் கார்டிசோன் என்ற செயலற்ற பொருளாக மாற்றிவிட்டுத்தான் குழந்தையின் பக்கம் அனுப்புகிறது. அதனால் குழந்தையின் ரத்தத்தில் இருப்பது அம்மாவிடம் இருப்பதில் ஒரு சிறு பங்கு மட்டும். போதாததற்கு, கர்ப்பம் முற்ற முற்ற அம்மாவின் உடம்பு திடீர் அதிர்ச்சிகளுக்குக் கார்டிசோலைக் கொட்டுவதும் மட்டுப்படுகிறது. ஆபீசில் ஒரு வாக்குவாதம், வேளச்சேரி டிராபிக்கில் ஒரு மணி நேரம், சீமந்தத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு சண்டை, இதெல்லாம் குழந்தையைக் கெடுத்துவிடும் என்று எந்தப் பெண்ணையும் பயமுறுத்தக் கூடாது. மாதக்கணக்கில் நீளும் அடி உதை, பசி, சிகிச்சை பெறாத மனச்சோர்வு ஆகியவை வேறு. குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அவற்றோடு தொடர்பு இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அப்படிப்பட்ட வீட்டில் ‘டென்ஷன் ஆகாதே’ என்று அவளிடம் சொல்வதில் பயனில்லை. வீட்டில் வன்முறை என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

அந்தக் காவல்கார நொதியை முடக்கும் பொருள் ஒன்று நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தையும் குறைக்கும். அதிமதுர மிட்டாய் அதிகம் சாப்பிடும் பின்லாந்து நாட்டில், கர்ப்பிணிகள் அதை அதிகம் சாப்பிட வேண்டாம் என்று அரசே அறிவுறுத்துகிறது. ஐப்பசி மழையில் தொண்டை கரகரத்ததற்காக ஒரு நாள் ஒரு சிறு துண்டைச் சுவைத்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. தினமும் கஷாயமாகவோ சூரணமாகவோ எடுப்பதைக் கர்ப்பம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். அதேபோல ‘கார்டிசோலைக் குறைக்கும்’ என்று விளம்பரம் வரும் அஸ்வகந்தா, அதாவது நம் அமுக்கரா, கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம். நாட்டு மருந்து என்பதால் பாதிப்பு வராது என்று நினைப்பது தவறு.

சர்க்கரை ஏன் ஏறுகிறது

கார்டிசோல் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். நஞ்சுக்கொடி சுரக்கும் மற்ற ஹார்மோன்களும் சேர்ந்துகொள்ள, ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது. குழந்தைக்குத் தடையில்லாமல் சாப்பாடு போவதற்கான வழி அது. அம்மாவின் கணையம் இன்சுலினைக் கூட்டி ஈடு கொடுத்தால் சரி, முடியாதவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க இந்தியாவில் பரவலாகச் செய்யும் எளிய டெஸ்டுக்குச் சென்னையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னையில் பணியாற்றிய சர்க்கரை நோய் நிபுணர் வி. சேஷையா இதற்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர். அவர் பிறந்த மார்ச் 10 தேசியக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. டெஸ்ட் இப்படி: வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கலக்கி, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்து ரத்தம். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை. முதல் செக்கப்பில் ஒரு முறை, அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை.

இதில் கோளாறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மசக்கை வாந்தி இருப்பவருக்குக் குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள் செய்ய வேண்டும். அரை மணிக்குப் பிறகு வந்தால் தொடரலாம். காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறதே என்று கேன்டீனில் டீயும் பன்னும் சாப்பிட்டால் எண் பொய்யாகும். வேகமாக நடந்து பக்கத்துத் தெரு வேலையை முடித்துவிட்டு வந்தாலும் அப்படியே. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டுப் பிழிந்தால் அந்தத் திகட்டல் குறையும். பிழிவதற்கு முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி என்றதும் வரும் பயம்

குறைமாதத்தில் வலி வந்துவிடும் என்று டாக்டருக்குத் தோன்றினால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்வார். குடும்பம் கலங்கிப்போகும் இடம் இது. அந்த ஊசி கார்டிசோலின் உறவுக்காரப் பொருள்தான். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குக் கார்டிசோலின் தூண்டுதல் தேவை. நுரையீரலின் சிறு அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் அதனால்தான் போதுமான அளவு சுரக்கிறது. முழு மாதத்தில் குழந்தையின் அட்ரினலே அந்த வேலையைச் செய்துவிடும். குறைமாதத்தில் அதற்கு நேரமில்லை, ஆகவே வெளியிலிருந்து தருகிறார்கள். நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்த வழக்கம் பிறந்தது.

இங்கே ஒரு நுட்பம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நஞ்சுக்கொடியின் காவல் நொதி பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடும். டெக்ஸாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் அந்தக் காவலைத் தாண்டிப் போகும். குழந்தைக்குச் சேர வேண்டிய ஊசிக்கு அவற்றைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். டெக்ஸாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. பொதுவாக 24 முதல் 34 வாரத்துக்குள். முழு டோஸுக்கும் நேரம் இல்லாவிட்டாலும் முதல் ஊசி வீண் இல்லை, போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ள தாய்க்கு அடுத்த சில நாட்கள் ரத்தச் சர்க்கரை எகிறும், அப்போது அடிக்கடி பார்த்து இன்சுலினைக் கூட்டுவார்கள். சாப்பாட்டில் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவள் நொந்துகொள்ள வேண்டாம்.

ஆஸ்துமா, லூபஸ், மூட்டுவாதம் போன்றவற்றுக்கு ஏற்கெனவே பிரெட்னிசோலோன் சாப்பிட்டு வருபவர்கள் மாசமானதும் பயந்து தாங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் அவர்களுடைய அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும். தினமும் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர் என்றால், பிரசவ நேரத்தில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி கூடுதலாகத் தேவைப்படும். மாத்திரையின் பெயரையும் அளவையும் தாய்-சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். வலி வந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

இடுப்பு வலி நேரத்தில்

வலி எடுக்கும்போது கார்டிசோல் கர்ப்பத்திலேயே மிக உயர்ந்த அளவுக்குப் போகிறது. உழைப்புக்குத் தேவையான சர்க்கரையையும் தெம்பையும் தருவது அதுதான். பிரசவ அறையில் சிக்கல் செய்வது கார்டிசோலைவிட அட்ரினலின்தான். கருப்பைத் தசையைத் தளர்த்தும் குணம் அதற்கு உண்டு. ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்கப் பார்க்கிறது, பயத்தில் சுரக்கும் அட்ரினலின் தளர்த்தப் பார்க்கிறது. வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்த வலி, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பின்வாங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். புது இடம், வெளிச்சம், அதட்டல், பக்கத்துக் கட்டிலின் அலறல் எல்லாம் சேர்ந்து பயம் கூடும்போது அப்படி ஆகலாம்.

அதனால் கூட ஒரு ஆள் இருப்பது மருந்துக்குச் சமம். உடனிருக்கும் துணையால் இயல்பான பிரசவம் கூடுகிறது, பிரசவ நேரம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார அமைப்பும் அதைப் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் பிரசவ அறைக்குள் உடனிருக்கும் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. யார் போவது என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக, பதறாதவராக இருக்க வேண்டும். பாசம் அதிகம் என்பதற்காக, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கும் சித்தியை அனுப்பக் கூடாது. உள்ளே போனவர் செய்ய வேண்டியது அதிகமில்லை: வலி வரும்போது இடுப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது, டாக்டர் அனுமதித்தால் இரண்டு மடக்குத் தண்ணீர் தருவது, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லிக் கூடவே தானும் விடுவது, ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று நர்ஸிடம் அவள் காதுபடக் கேட்காமல் இருப்பது.

குழந்தைக்கும் அந்த நேரத்தில் இந்த ஹார்மோன்கள் பெருவெள்ளமாகச் சுரக்கின்றன. நுரையீரலில் இருக்கும் நீர் உறிஞ்சப்படுவதற்கும் முதல் மூச்சுக்கும் அது தேவை. வலியே வராமல் முன்கூட்டிச் செய்யும் சிசேரியனில் இந்த வெள்ளம் குறைவு. அதனால் சில குழந்தைகளுக்குப் பிறந்ததும் மூச்சு வேகவேகமாக வாங்கும், இரண்டொரு நாள் இன்குபேட்டர் பக்கம் இருக்க வேண்டி வரும். நட்சத்திரம் பார்த்து, நல்ல நேரம் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போகும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம். மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடிவதற்கு முன் வைக்கக் கூடாது. 37-வது வாரத்தில் எவ்வளவு நல்ல நட்சத்திரம் வந்தாலும் விட்டுவிடுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு

குழந்தை பிறந்து சில நிமிடங்களில் நஞ்சுக்கொடி வெளியே வருகிறது. ஏழு மாதமாக ஓடிய இரண்டாவது மோட்டாரைக் கழற்றி எடுத்தாகிவிட்டது. அதன் சி.ஆர்.எச். ஒரு நாளுக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோனும் சில நாட்களில் அதலபாதாளத்துக்கு விழும். புரோஜெஸ்டிரோனிலிருந்து பிறந்து மூளையை அமைதிப்படுத்தி வந்த ஒரு பொருளும் அதோடு போய்விடுகிறது. 2019-ல் அமெரிக்காவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்று முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட மருந்து, அந்தப் பொருளின் வடிவமே.

மூளையில் இருந்த பழைய மோட்டார் இப்போது வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது இத்தனை மாதம் அடங்கிக் கிடந்தது. உடனே முழு வேகத்துக்கு வராது. 1996-ல் வெளியான ஒரு ஆய்வில் பிரசவமான பெண்களுக்கு சி.ஆர்.எச். ஊசி போட்டு அளந்தபோது, 3-வது வாரத்திலும் 6-வது வாரத்திலும் பிட்யூட்டரி மந்தமாகவே பதில் சொன்னது. 12-வது வாரத்தில்தான் இயல்புக்குத் திரும்பியது. உடம்பின் அதிர்ச்சி தாங்கும் ஏற்பாடு அரைகுறையாக ஓடும் அந்த மூன்று மாதமும், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்திருக்க வேண்டிய மூன்று மாதமும் ஒன்றே. ‘பச்சை உடம்பு’ என்று நம் பாட்டிமார் வைத்த பெயர் வெறும் தையலுக்கும் ரத்தப்போக்குக்கும் மட்டும் பொருந்துவது அல்ல.

நான்காம் நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தாயிற்று. ஸ்டூலில் பிரசவ லேகியக் கிண்ணம், கட்டிலில் சுருண்ட ஈரத்துணி, ஹாலில் பார்க்க வந்தவர்களின் பேச்சு. மார்பு கல்லாகக் கனக்கிறது, பால் இப்போதுதான் முழுசாக இறங்கியிருக்கிறது. குழந்தை காம்பைப் பிடித்து விட்டுவிடுகிறது. "பால் பத்தலை போல, பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லு" என்கிறார் ஒருவர். அவள் பதிலே சொல்லாமல் அழுகிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இந்த அழுகை பெரும்பாலான தாய்மார்களுக்கு வரும். சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வரும், சின்னச் சொல் சுருக்கென்று தைக்கும். மருந்து வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும்.

பாலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பாலை உற்பத்தி செய்வது ஒரு ஹார்மோன், வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆக்ஸிடோசினுக்குக் குறுக்கே நிற்கும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. குறை சொல்லச் சொல்ல இன்னும் இறங்காது. வந்தவர்களை ஹாலிலேயே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, குழந்தையைத் துணியில்லாமல் அம்மாவின் வெற்று மார்பில் இருபது நிமிடம் கிடத்துங்கள். தோளைத் தளர்த்தி, வெதுவெதுப்பான துணியை மார்பில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தை சப்பும்போது அம்மாவின் கார்டிசோலும் தணிகிறது. தாகத்துக்குத் தண்ணீர் தராமல் வைக்கும் பத்தியத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள், சென்னை வெயிலில் அது கொடுமை. ஐந்தாம் நாளுக்கு மேல் குழந்தை தினமும் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். 72 மணி நேரம் தாண்டியும் பால் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சிசேரியன், சர்க்கரை, உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு எனக் காரணம் பல இருக்கலாம்.

தூக்கத்தைப் பொறுத்தவரை, துண்டு துண்டாகத் தூங்கும் நாட்களில் உடையாத நான்கு மணி நேரம் மதிப்பானது. இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை குழந்தை அப்பாவிடமோ பாட்டியிடமோ இருக்கட்டும். பால் நன்றாக இறங்கிய பிறகு பிழிந்து வைத்த பாலைப் பாலாடையால் கொடுக்கலாம். 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் அது நான்கு மணி நேரம் தாங்கும், சென்னையில் ஏ.சி. இல்லாத அறை அந்தக் கணக்கில் வராது என்பதால் பிழிந்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், அங்கே நான்கு நாள் வரை இருக்கும்.

இரண்டு வாரத்தைத் தாண்டினால்

அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தையைத் தூக்கவே பிடிக்காமல் போனால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டால், ‘நான் ஒரு நல்ல அம்மா இல்லை’ என்பதே பேச்சாக இருந்தால் அது மனச்சோர்வு. உலக சுகாதார அமைப்பின் இதழில் 2017-ல் வெளியான தொகுப்பாய்வு இந்தியத் தாய்மார்களில் 22 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல். இதற்குக் கார்டிசோல் டெஸ்ட் எடுத்துப் பயனில்லை. எந்த எண்ணும் மனச்சோர்வைக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது கேள்விகள். 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தமிழிலும் இருக்கிறது. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே உதவி தேட வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. மனநல உதவிக்கான டெலி-மனஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

தூக்கமே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல் பரபரவென்று இருப்பது, இல்லாத குரல் கேட்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது வேறு வகை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். தாயையும் சேயையும் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு, தேவைப்பட்டால் 108-ல்.

சோர்வு என்று எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடவும் கூடாது. ரத்தசோகையும் பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியும் இதே முகத்தோடு வரும், ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் அளவுகள் பல லேப் கருவிகளில் தைராய்டு எண்ணையும் கார்டிசோல் எண்ணையும் கெடுத்துவிடும்.

பிரசவத்தில் மிக அதிக ரத்தப்போக்கு ஆனவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அப்போது பிட்யூட்டரிக்கு ரத்தம் போகாமல் அது பழுதாகியிருக்கலாம். பால் ஒரு சொட்டும் சுரக்காதது, எழுந்தால் தலைசுற்றுவது, மாதங்கள் கழிந்தும் மாதவிடாய் திரும்பாதது, அக்குள் முடி உதிர்வது இதன் அடையாளங்கள். வருடக்கணக்கில் ‘வீக்னஸ்’ என்று டானிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். காலை 8 மணிக் கார்டிசோல் டெஸ்ட் உண்மையிலேயே உயிர் காப்பது இவர்களுக்குத்தான். தைராய்டும் குறைவாகத்தான் வரும். ஆனால் கார்டிசோலைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்தால் ஆபத்தில் முடியும்.

குழந்தைக்குத் தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில். அம்மாவின் ஹார்மோன் ஏற்பாடு மந்தமாக இருந்து மீளும் காலத்தை அந்த மூன்று தேதிகளும் சரியாகத் தழுவிக்கொண்டு போகின்றன. எழும்பூர், திருவல்லிக்கேணி அரசு ஆஸ்பத்திரிகளோ, மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ, எங்கே ஊசி போடப் போனாலும் குழந்தையின் எடை பார்த்த கையோடு அம்மாவின் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் பெஞ்சில் அந்தப் பத்துக் கேள்விகளை அவளே நிரப்பட்டும், தோளுக்கு மேலே யாரும் எட்டிப் பார்க்காமல்.